காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃப் அரையிறுதியை நேரில் பார்ப்பது எப்படி: டிக்கெட் முதல் வீடு திரும்புவது வரை

காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃப் என்பது அமெரிக்கக் கல்லூரி அணிகள் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டத்தில் சாம்பியன் பட்டத்துக்கு மோதும் நாக்-அவுட் தொடர். டல்லாஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு, காட்டன் பவுல் என்ற போட்டியில் அதன் அரையிறுதி நடக்கும் வருடம் என்றால் டிசம்பர் கடைசியில் போன் வர ஆரம்பித்துவிடும். "செமிஃபைனல் உங்க ஊர்லதானாமே, போலாமா?" அலுவலக நண்பர்கள், எம்.எஸ். படிக்க வந்த பையன்கள், பிள்ளையைப் பார்க்க வந்த அப்பா அம்மா என்று பலவிதமான ஆட்களோடு ஸ்டேடியத்துக்குப் போயிருக்கிறேன். பெரும்பாலோர் தடுமாறுவது வரிசையில்தான். ஃபிளைட்டை முதலில் போட்டுவிட்டு டிக்கெட் தேடுவார்கள். கார் ஹைவேயில் ஓடும்போது பார்க்கிங் தேடுவார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு விதியைக் கேட்பார்கள். எனவே எது முன்னால், எது பின்னால் என்பதற்குத்தான் இதில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு 2025 ஜனவரி 10 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் நடந்த அரையிறுதியை எடுத்துக்கொள்கிறேன். ஓஹையோ ஸ்டேட் 28, டெக்சாஸ் 14. புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியவேண்டிய அநேக விஷயங்கள் அந்த ஒரே ஆட்டத்தில் இருக்கின்றன.

1. ஊர், ஸ்டேடியம், தேதி: மூன்றையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்

2024 சீசனிலிருந்து பிளேஆஃபில் 12 அணிகள். முதல் சுற்று டிசம்பரில், தரவரிசையில் மேலே இருக்கும் அணியின் கல்லூரி மைதானத்தில் நடக்கும். காலிறுதியும் அரையிறுதியும் ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன், ஃபியஸ்டா, பீச் என்ற ஆறு பவுல்களில் (புத்தாண்டை ஒட்டி வருடாவருடம் நடக்கும் பிரபலமான போட்டிகள்) சுழற்சி முறையில் நடக்கும். ஒரு வருடம் அரையிறுதி நடத்தும் பவுல், இன்னொரு வருடம் காலிறுதி நடத்தும். ஆகவே போன வருடம் எங்கே நடந்தது என்பதை வைத்து இந்த வருடத்தைக் கணக்குப் போடக்கூடாது.

அடுத்த சிக்கல் பெயரில். டல்லாஸ் நகரத்துக்குள் ஃபேர் பார்க் வளாகத்தில் காட்டன் பவுல் என்ற பெயரிலேயே பழைய ஸ்டேடியம் ஒன்று இருக்கிறது. காட்டன் பவுல் போட்டியோ 2010 முதல் ஆர்லிங்டனில் உள்ள ஏடி அண்ட் டி ஸ்டேடியத்தில் நடக்கிறது. மேப்பில் 'காட்டன் பவுல்' என்று மட்டும் அடித்தால் டல்லாஸின் கிழக்குப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து ஆர்லிங்டனுக்கு ஆட்ட நாள் நெரிசலில் வருவது பெரிய தண்டனை. ஆரஞ்சு பவுலும் இப்படித்தான். அந்தப் பெயரில் இருந்த ஸ்டேடியத்தை 2008ல் இடித்துவிட்டார்கள். போட்டி நடப்பது மயாமி கார்டன்ஸில் உள்ள ஹார்ட் ராக் ஸ்டேடியத்தில். ஃபியஸ்டா பவுல் அரிசோனாவின் கிளென்டேலில், பீச் பவுல் அட்லாண்டாவில், சுகர் பவுல் நியூ ஆர்லியன்ஸில். ரோஸ் பவுல் ஒன்றுதான் போட்டிக்கும் ஸ்டேடியத்துக்கும் ஒரே பெயர், இடம் பசடீனா. மேப்பில் எப்போதும் ஸ்டேடியத்தின் பெயரையே போடுங்கள்.

தேதியில் ஒரு குழப்பம் உண்டு. 2024 சீசனின் அரையிறுதி 2025 ஜனவரியில் வரும். டிக்கெட் தளத்தில் வருடத்தை மட்டும் பார்த்து வாங்கினால் வேறு ஆட்டத்தை வாங்கிவிட வாய்ப்பு இருக்கிறது. மாதம், நாள், பவுல் மூன்றும் பொருந்த வேண்டும். இன்னொன்று, அரையிறுதிகள் வார நாளில் வரலாம். 2025ல் ஆரஞ்சு பவுல் வியாழக்கிழமை, காட்டன் பவுல் வெள்ளிக்கிழமை. லீவு சொல்ல வேண்டியிருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

2. அறை முதலில், அதுவும் ரத்து செய்யக்கூடியதாக

எந்த ஊர், எந்த நாள் என்பது நெடுநாள் முன்பே தெரிந்துவிடும். எந்த இரண்டு அணிகள் என்பதோ புத்தாண்டை ஒட்டி நடக்கும் காலிறுதி முடிந்த பிறகுதான் தெரியும். நடுவில் கிடைப்பது ஒரு வாரம், கொஞ்சம் கூட. அந்த ஒரு வாரத்தில் இரண்டு கல்லூரிகளின் ரசிகர்களும் ஒரே ஊரில் அறை தேடுவார்கள்.

அதனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் அறையைப் பிடித்து வையுங்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யும் கடைசி நாள் காலிறுதிக்குப் பிறகு இருக்கிறதா என்று பார்த்துப் பிடியுங்கள். ஸ்டேடியத்தை ஒட்டியே வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஆர்லிங்டன் டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவில் இருக்கிறது. டிஎஃப்டபிள்யூ விமான நிலையம் பக்கமோ கிராண்ட் ப்ரேரி பக்கமோ தங்கினாலும் போய்வர வசதிதான்.

ஃபிளைட் டிக்கெட் வாங்குவதாக இருந்தால் பேசிக் எகானமி வேண்டாம். மிச்சமாகும் தொகை சின்னது. திட்டம் மாறினால் பெரும்பாலும் முழுப் பணமும் போகும். ஆட்ட நாள் மதியம் இறங்குகிற மாதிரியும் போடாதீர்கள். 2025 அரையிறுதிக்கு முந்தைய நாள்தான் வட டெக்சாஸில் பனி கொட்டியது, விமானங்கள் ரத்தாகின. ஸ்டேடியத்துக்குக் கூரை இருக்கிறது, விமான நிலையத்துக்குப் போகிற சாலைக்கு இல்லை. முதல் நாளே வந்து சேருங்கள்.

3. ஆட்ட டிக்கெட்: காலிறுதி முடியட்டும்

அரையிறுதி டிக்கெட்டுகள் மூன்று வழியில் வருகின்றன. பவுல் அமைப்பு தன் சீசன் சந்தாதாரர்களுக்கும் பொதுமக்களுக்கும் விற்பது ஒன்று. விளையாடும் கல்லூரிகளுக்கு ஒதுக்குவது இன்னொன்று. இது முன்னாள் மாணவர்கள், நன்கொடையாளர்கள், மாணவர்கள் வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். மூன்றாவது ஸ்டப்ஹப், சீட்கீக், டிக்கெட்மாஸ்டர் போன்ற தளங்களில் நடக்கும் மறுவிற்பனை. கல்லூரித் தொடர்பு இல்லாத நமக்கு நடைமுறையில் கைகொடுப்பது மூன்றாவதுதான்.

எப்போது வாங்குவது? எந்த அணி என்றாலும் சரி, ஆட்டத்தைப் பார்த்தால் போதும் என்பவர் காலிறுதி முடியும் வரை பேசாமல் இருங்கள். ஏதோ ஓர் அணியை நம்பி முன்கூட்டியே வாங்கியவர்களில், அந்த அணி தோற்றதும் விற்க வருபவர்கள் இருப்பார்கள். அந்த நேரத்தில் சந்தையில் சரக்கு கூடும்.

ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறந்துவிட்டுப் பலர் காத்திருந்து ஏமாறுகிறார்கள். காரில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் அணி உள்ளே வந்துவிட்டால் விலை இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் இருக்கிறது. அங்கிருந்து ஆர்லிங்டன் மூன்று மணி நேர டிரைவ். அவர்களுடைய ரசிகர்களுக்கு ஃபிளைட், அறை எதுவும் தேவையில்லை, அந்தக் காசையும் டிக்கெட்டில் போடுவார்கள். அப்படிப்பட்ட ஜோடி அமைந்தால் காலிறுதி முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். இரண்டு அணிகளுமே தூரத்திலிருந்து வருகின்றன என்றால் பொறுமை காட்டலாம். உள்ளூரில் இருப்பவர்கள் கடைசி நாள் வரைகூடப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறீர்கள், நான்கு இருக்கை சேர்ந்தே வேண்டும் என்றால் இந்தச் சூதாட்டம் வேண்டாம். சேர்ந்த நான்கு இருக்கைகள்தான் முதலில் காணாமல் போகும்.

வாங்கும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, மொத்த விலை. 2025 மே 12 முதல் அமெரிக்காவில் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்குக் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படியும் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் தொகையை ஒருமுறை படித்துவிட்டே பொத்தானை அழுத்துங்கள்.

இரண்டாவது, செக்ஷன் எண்ணும் வரிசை எண்ணும் போட்டிருக்கிறதா என்பது. 'மேல் அடுக்கில் ஏதாவது ஓர் இடம்' என்ற மாதிரி விவரம் மொட்டையாக இருந்தால், விற்பவர் கையில் டிக்கெட் இன்னும் இல்லாமலேயே விற்கிறாரோ என்று சந்தேகப்படுங்கள். வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியாத நண்பரின் நண்பர் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம். பணம் போய், டிக்கெட் வராவிட்டால் கேட்க நாதி இருக்காது.

மூன்றாவது, 'ஸ்டாண்டிங் ரூம்' என்ற வார்த்தை. நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட் அது. விலையைப் பார்த்து மயங்கி, அப்பா அம்மாவுக்கும் சேர்த்து அதை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும்.

4. எந்த இருக்கை

பந்தை வைத்து எத்தனை யார்டு முன்னேறினார்கள் என்பதுதான் இந்த விளையாட்டு. அதைக் கண்ணால் அளக்க வேண்டுமானால் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். கோல் கம்பத்துக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில் உள்ள இருக்கை விலை கூடவாக இருக்கும். வீரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள். ஆனால் மறுமுனையில் நடப்பது மூன்று யார்டா எட்டு யார்டா என்று அங்கிருந்து சொல்லவே முடியாது. முதல்முறை போகிறவருக்கு என் சிபாரிசு மேல் அடுக்கு, 50 யார்டு கோட்டுக்கு முடிந்தவரை நேராக. அங்கிருந்து 22 பேரும் ஒரே பார்வையில் தெரிவார்கள்.

ஆர்லிங்டனில் கூடுதலாக ஒரு வசதி. மைதானத்துக்கு மேலே தொங்கும் திரை 160 அடி நீளம். ஏறக்குறைய ஒரு பக்க 20 யார்டு கோட்டிலிருந்து மறுபக்க 20 யார்டு கோடு வரை போகும். மேல் அடுக்கில் உட்கார்ந்தால் திரை கண்ணுக்கு நேரே இருக்கும். அதிலேயே ஒரு தொல்லையும் உண்டு. ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். பந்து கைமாறும்போது கீழே, முடிந்த பிறகு ரீப்ளேக்கு மேலே என்று பழகிக்கொள்ளுங்கள்.

மேல் அடுக்குப் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு அந்த அடுக்கின் கீழ் வரிசைகளைப் பாருங்கள். நடுவரிசைக்குப் பதில் ஓர இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது.

5. போக்குவரத்து: டிக்கெட் வாங்கிய அன்றே முடிவு செய்யுங்கள்

ஆர்லிங்டன் ஸ்டேடியத்துக்கு ரயில் கிடையாது. அட்லாண்டாவில் மார்ட்டா ரயிலில் ஏறி ஸ்டேடியம் பக்கத்திலேயே இறங்கிய பழக்கத்தில், இங்கேயும் ஏதாவது இருக்கும் என்று வருகிறவர்கள் அசந்துபோவார்கள். கார் அல்லது ஊபர், லிஃப்ட். அவ்வளவுதான்.

கார் என்றால் பார்க்கிங் பாஸை முன்கூட்டியே வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள பார்க்கிங் இடங்களுக்கு எண் உண்டு, உங்கள் பாஸ் அந்த எண்ணுக்கு மட்டும்தான். மேப்பில் ஸ்டேடியம் என்று போட்டு ஓட்டாமல், பாஸில் உள்ள பார்க்கிங் எண்ணுக்கான நுழைவாயிலைப் போட்டு ஓட்டுங்கள். ஐ-30, நெடுஞ்சாலை 360, காலின்ஸ் தெரு எல்லாமே நெரியும். தவறான வாசலுக்குப் போய்விட்டால் போலீஸ் உங்களை நேரே போகச் சொல்வார், திரும்பி வர அரை மணி நேரம் ஆகும்.

எப்போது கிளம்புவது? 2025 ஆட்டம் மாலை 6:30க்கு, வெள்ளிக்கிழமை. அதாவது அலுவலகம் விட்டு எல்லோரும் வீடு திரும்பும் அதே நேரம். பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கமிருந்து வருகிறவர்கள் மதியம் 2 மணி வாக்கில் கிளம்பினால்தான் நிம்மதி. சீக்கிரம் வந்து என்ன செய்வது என்று கேட்காதீர்கள். கார் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, கூடாரம் போட்டுச் சாப்பிடும் டெயில்கேட் கூட்டம் அங்கே அமர்க்களப்படும். ஸ்டேடியத்துக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோக முடியாது என்பதால், புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு வந்தால் காரிடமே முடித்துவிட்டு உள்ளே போங்கள். பக்கத்துக் கூடாரத்துக்காரர் நம் டப்பாவைப் பார்த்து விசாரிப்பார், அவர் பங்குக்கு ஒரு தட்டு இறைச்சியும் நீட்டுவார். பேச்சுத் துணைக்கும் குறைவில்லை.

6. முந்தைய இரவே முடிக்கவேண்டியவை

பை: ஸ்டேடியத்துக்குள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை மட்டும்தான் அனுமதி. அளவு 12 அங்குலம், 12 அங்குலம், 6 அங்குலத்துக்குள். ஒரு கேலன் ஜிப்லாக் பையும் செல்லும். உள்ளங்கை அளவுச் சிறு பர்ஸ், 4.5க்கு 6.5 அங்குலம் வரை, எந்தத் துணியிலும் இருக்கலாம். தோள் பையோடு வாசலுக்கு வந்து, திரும்பக் காருக்கு ஓடுகிறவர்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கலாம். ஊபரில் வந்தவருக்கு ஓடுவதற்குக் காரும் இல்லை. கைக்குழந்தை இருந்தால் டயபர், பால் புட்டி எல்லாவற்றையும் அந்தப் பிளாஸ்டிக் பைக்கே மாற்றிவிடுங்கள்.

போன்: டிக்கெட்டை வீட்டில் வைஃபையில் இருக்கும்போதே போனின் வாலட்டில் ஏற்றிவிடுங்கள். வாசலில் பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் போனைத் திறப்பார்கள், சிக்னல் திணறும். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், பல டிக்கெட்டுகளில் பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும். நான்கு பேர் டிக்கெட்டும் ஒருவர் போனில் இருந்தால், ஒருவர் பின்தங்கினாலும் எல்லோரும் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆளுக்கு ஒன்றாக முன்பே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே ரொக்கம் வாங்கமாட்டார்கள், கார்டு வேண்டும்.

உடை: எந்த நிறம் யாருடையது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். டெக்சாஸ் அணிக்கு செங்கல் கலந்த ஆரஞ்சு, ஓஹையோ ஸ்டேட்டுக்குச் சிவப்பும் சாம்பலும். தற்செயலாக நல்ல சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு டெக்சாஸ்காரர்கள் நடுவில் உட்கார்ந்தால் யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் நான்கு மணி நேரம் கேலி கேட்கவேண்டி வரும். எந்தப் பக்கமும் சாராதவர் கறுப்போ வெள்ளையோ போடுங்கள். கூரை மூடிய ஸ்டேடியத்தில் இரைச்சல் காதைப் பிளக்கும், சின்னக் குழந்தைகளுக்குக் காது மூடி அவசியம்.

7. ஆட்டத்தை இந்த அளவுக்குத் தெரிந்துகொண்டு போங்கள்

முழு விதிப் புத்தகம் வேண்டாம். முதல்நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்கி, இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: நான்கு முயற்சிக்குள் 10 யார்டு.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். அதற்குள் 10 யார்டு போய்விட்டால் மறுபடி முதல் டவுனிலிருந்து கணக்கு தொடங்கும். போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. திரையில் '2ம் டவுன், 7' என்று காட்டினால், இது இரண்டாவது முயற்சி, இன்னும் 7 யார்டு பாக்கி என்று பொருள். பெரும்பாலும் மூன்றாவது டவுனில்தான் ஒரு தாக்குதல் பிழைக்கிறது அல்லது சாகிறது. நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள், கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் அடிப்பார்கள். துணிந்து நான்காவதையும் ஆடினால் ஸ்டேடியம் முழுக்க எழுந்து நிற்கும்.

புள்ளிக் கணக்கு சுலபம். எதிரணியின் எண்ட் ஜோனுக்குள் (மைதானத்தின் முனையில் உள்ள பகுதி) பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், அதற்கு 6. அதன் பின் உதைத்தால் 1, ஓடியோ எறிந்தோ உள்ளே கொண்டுபோனால் 2. ஃபீல்டு கோல் 3. தன் சொந்த எண்ட் ஜோனுக்குள் மாட்டிக்கொண்டால் எதிரணிக்கு 2. ஃபீல்டு கோல் எத்தனை தூரம் என்று நீங்களே சொல்ல ஒரு வழி: பந்து இருக்கும் யார்டு எண்ணோடு 17 கூட்டுங்கள். எண்ட் ஜோனின் ஆழம் 10, பந்தைப் பின்னால் எறிந்து வைக்கும் தூரம் சுமார் 7.

இப்போது 2025 அரையிறுதியின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். ஓஹையோ ஸ்டேட் 21–14 என்று முன்னிலையில் இருக்கிறது. டெக்சாஸ் எதிரணியின் 1 யார்டு கோட்டுக்கு வந்துவிட்டது. முதல் டவுன். ஒரு யார்டு, நான்கு முயற்சி. சமன் ஆகப்போகிறது என்றுதான் எவரும் நினைப்பார். முதல் டவுனில் ஓடிப்பார்த்தார்கள், அசையவில்லை. இரண்டாவதில் பந்தை ஓரமாக வீசி ஓடவிட்டார்கள், ஓடினவரை மடக்கி 7 யார்டு பின்னால் வீழ்த்தினார்கள். மூன்றாவதில் எறிந்த பந்து பிடிபடவில்லை. நான்காவது டவுன், இன்னும் 8 யார்டு. டெக்சாஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) குயின் யூவர்ஸ் பந்தை எறியக் கையை ஓங்கும் முன் ஓஹையோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் வந்து மோதினார். பந்து உருண்டது. அதையும் அவரே பொறுக்கிக்கொண்டு 83 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம். இந்த இருவரும் யூவர்ஸ் ஓஹையோ ஸ்டேட்டில் இருந்த காலத்தில் அறைத் தோழர்கள் என்பது தனிக்கதை.

டவுன் கணக்கு தெரியாதவருக்கு அது ஒரு நீளமான ஓட்டம், அவ்வளவுதான். தெரிந்தவருக்கு இரண்டாவது டவுனில் போன அந்த 7 யார்டுதான் ஆட்டத்தின் முடிச்சு. 1 யார்டில் இருந்திருந்தால் நான்காவதிலும் முட்டித் தள்ளியிருக்கலாம். 8 யார்டு என்றதும் எறிவதைத் தவிர வேறு வழி குறைந்துபோனது, அது தடுக்கும் அணிக்கும் தெரிந்துவிட்டது.

என்எஃப்எல் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு வித்தியாசங்கள் மட்டும். கோட்டுக்குள் ஒரு கால் பட்டாலே பந்தைப் பிடித்ததாகக் கணக்கு. முழங்கால் தரையில் பட்டுவிட்டால், யாரும் தொடாவிட்டாலும் அந்த ஓட்டம் முடிந்தது.

8. இருக்கையில் உட்கார்ந்ததும் எதைப் பார்ப்பது

டிவியில் பார்த்த மஞ்சள் கோட்டைத் தரையில் தேடாதீர்கள். அது ஒளிபரப்பில் கணினி வரைவது. மைதானத்தில் இருப்பது ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கழிகள்தான். 10 யார்டு சங்கிலியால் இணைத்திருப்பார்கள். முன் கழி நிற்கும் இடம்தான் எட்ட வேண்டிய எல்லை. ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் பார்க்கவேண்டிய வரிசை இதுதான்: டவுன் எண், முன் கழி, கடிகாரம். அதன்பிறகு பந்து. பந்தை மட்டுமே துரத்தும் கண், குவாட்டர்பேக் ஓடுவதுபோல் பாவனை காட்டி ஏமாற்றும்போது தானும் ஏமாறும்.

எப்போது கத்துவது என்பதிலும் முறை இருக்கிறது. நம் அணி கையில் பந்து இருக்கும்போது அமைதி, குவாட்டர்பேக் சொல்வது மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும். எதிரணியிடம் பந்து இருக்கும்போது, அதுவும் மூன்றாவது டவுனில், தொண்டை கிழியக் கத்தலாம். உற்சாகத்தில் தலைகீழாகச் செய்யும் புதியவரைச் சுற்றியிருப்பவர்கள் உடனே திருத்திவிடுவார்கள்.

மஞ்சள் துணி ஒன்று புல்லில் விழுந்து கிடந்தால் கொண்டாட்டத்தை நிறுத்தி வையுங்கள். ஏதோ விதிமீறல். நடுவர் மைக்கில் அறிவிக்கும் வரை எந்த டச் டவுனும் உறுதி இல்லை.

சரி, கழிவறைக்கு எப்போது எழுவது? இடைவேளை 20 நிமிடம், அத்தனை கூட்டமும் அப்போதுதான் எழும். அதற்கு முன்னால் போய்விடலாம் என்று இரண்டாவது குவாட்டரின் கடைசி நிமிடத்தில் எழுவது அதைவிட மோசம். 2025ல் இடைவேளைக்கு அரை நிமிடம் போல இருக்கும்போது டெக்சாஸ் டச் டவுன் போட்டு 7–7 ஆக்கியது. பந்து கைக்கு வந்த முதல் முயற்சியிலேயே ஓஹையோ ஸ்டேட்டின் ட்ரெவியான் ஹெண்டர்சன் ஒரு சின்னப் பந்தை வாங்கி 75 யார்டு ஓடி 14–7 ஆக்கிவிட்டார். வரிசையில் நின்றவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். இரண்டாவது குவாட்டரின் நடுவில், பந்து அணி மாறி டிவி விளம்பர இடைவெளி விடும்போது எழுவதுதான் சரி.

9. கடைசி இரண்டு நிமிடமும் கூடுதல் ஆட்டமும்

15 நிமிட குவாட்டர் நான்கு. ஆனால் கடைசி இரண்டு நிமிடத்துக்குத் தனி ஓட்டம். இரண்டாவது, நான்காவது குவாட்டர்களில் இரண்டு நிமிடம் மீதம் இருக்கும்போது ஒரு கட்டாய இடைநிறுத்தம் வரும். அதற்குப் பிறகு முதல் டவுன் கிடைக்கும்போதெல்லாம் கடிகாரம் சற்று நிற்கும், மற்ற நேரத்தில் முதல் டவுனுக்காக நிற்காது. எறிந்த பந்து பிடிபடாமல் போனாலும் நிற்கும். அதனால் இரண்டு நிமிடம் என்பது இருபது நிமிடமாகக்கூட நீளும்.

இந்த நேரத்தில் ஸ்கோரை மட்டும் பார்த்து "சமன்தான், கூடுதல் ஆட்டம் வரும்" என்று முடிவு கட்டாதீர்கள். 2025ன் இன்னொரு அரையிறுதியான ஆரஞ்சு பவுலில் நோட்ர டேமும் பென் ஸ்டேட்டும் 24–24. முடிய 33 விநாடி இருக்கும்போது பென் ஸ்டேட் எறிந்த பந்தை நோட்ர டேம் வீரர் கிறிஸ்டியன் கிரே பறித்தார். 7 விநாடி மீதம் இருக்க மிட்ச் ஜெட்டர் 41 யார்டு ஃபீல்டு கோல் அடித்தார். 27–24. ஒவ்வோர் அணிக்கும் பாதிக்கு மூன்று டைம்-அவுட் உண்டு; யாரிடம் எத்தனை மிச்சம் என்று ஸ்கோர் பலகையில் பார்த்துக்கொண்டே இருங்கள். அரை நிமிடம் போதுமா போதாதா என்பதை அதுதான் சொல்லும்.

சமனில் முடிந்தால் கூடுதல் ஆட்டத்துக்குக் கடிகாரமே இல்லை. இரு அணிகளுக்கும் எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு. இரண்டாவது சுற்றில் டச் டவுன் போட்டால் 2 புள்ளி முயற்சி கட்டாயம், 1 புள்ளிக்கு உதைக்க முடியாது. மூன்றாவது சுற்றிலிருந்து மாறி மாறி 2 புள்ளி முயற்சி மட்டும்தான். டெக்சாஸ் அரையிறுதிக்கு வந்த கதையே இதற்கு நல்ல பாடம். 2025 புத்தாண்டு அன்று பீச் பவுல் காலிறுதியில் அரிசோனா ஸ்டேட்டோடு 24–24. முதல் சுற்றில் இருவரும் டச் டவுன், 31–31. அதுவும் டெக்சாஸ் தன் டச் டவுனை நான்காவது டவுனில், 13 யார்டு தேவைப்பட்ட நேரத்தில் போட்டது. இரண்டாவது சுற்றில் டெக்சாஸ் 6, கூடவே 2. ஸ்கோர் 39–31. அரிசோனா ஸ்டேட் எறிந்த பந்து பறிபோனது, ஆட்டம் முடிந்தது.

இந்தியாவில் இருந்து டிவியில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அரையிறுதிகள் இரண்டும் அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 7:30க்குத் தொடங்கின. நமக்கு மறுநாள் காலை 6 மணி. அலுவலகக் கூட்டம் 10 மணிக்கு இருந்தால், கூடுதல் ஆட்டம் வரக்கூடும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

10. வெளியேறுவது

ஆட்டம் முடிந்தவுடன் கிளம்பாதீர்கள். ஜெயித்தவர்களுக்கு மைதானத்திலேயே கோப்பை கொடுப்பார்கள், காகிதத் துகள்கள் பறக்கும், பேண்டு வாத்தியம் முழங்கும். அதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் படிக்கட்டு நெரிசலும் தீரும்.

காரில் வந்தவர்கள் வண்டியை நிறுத்தியதுமே பார்க்கிங் எண்ணையும் பக்கத்துக் கம்பத்தின் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். இருட்டில் எல்லா இடமும் ஒரே மாதிரி தெரியும். வெளியே போகும் திசையைப் போலீஸ்தான் முடிவு செய்வார். மேப் சொல்வதைக் கேட்டு அவரோடு வாதாடாமல் அவர் காட்டும் பக்கம் போய், ஹைவே வந்ததும் வழியை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊபர், லிஃப்டில் வந்தவர்கள் ஆட்டம் முடிந்த முதல் முக்கால் மணி நேரம் புக் செய்யாமல் இருப்பது பர்ஸுக்கு நல்லது, கேட்கும் தொகையைப் பார்த்தால் தலை சுற்றும். வரிசை குறைந்ததும் புக் செய்யுங்கள். ஜனவரி இரவில் வெளியே குளிரும் என்பதால் ஜாக்கெட்டைக் காரிலோ அறையிலோ விட்டுவிட்டு வராதீர்கள். பனி விழுந்த நாளாக இருந்தால் மேம்பாலங்கள்தான் முதலில் உறையும். ஓட்டுகிறவர் அந்த இடங்களில் பிரேக்கைத் தொடாமல் மெதுவாகக் கடக்கட்டும், பின்சீட்டில் இருப்பவர்கள் ஆட்டத்தைப் பற்றிய விவாதத்தை அதுவரை நிறுத்தி வையுங்கள்.